கீமோவுக்குப் பிறகு உடற்பயிற்சி: கனடா ஆய்வு சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

2025 ஜூன் 1 அன்று சிகாகோவில் நடந்த புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் ஓர் ஆய்வின் முடிவை அறிவித்தார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்தவர்கள், மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தால் நோய் திரும்புவதும் குறைகிறது, உயிரிழப்பும் குறைகிறது என்பதுதான் அந்த முடிவு. சில நாளிதழ்கள் இதை "மருந்தை விட உடற்பயிற்சி மேல்" என்று தலைப்புப் போட்டு வெளியிட்டன.

அந்தத் தலைப்பு ஆபத்தானது. கீமோவுக்குப் பயந்து தள்ளிப்போட நினைப்பவருக்கு அது ஒரு சாக்காகிவிடும். இன்னொரு பக்கம், "உடம்பு பட்ட பாடு போதும், பேசாமல் படு" என்று அன்போடு கட்டிலில் உட்கார வைக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளுக்குப் போக வேண்டிய செய்தி இது. ஆனால் தலைப்பு மட்டும்தான் போய்ச் சேர்கிறது. அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சிகிச்சை முடிந்த உடம்பில் மிஞ்சுவது என்ன

"எல்லாம் முடிந்தது, இனி செக்-அப்புக்கு வந்தால் போதும்" என்று டாக்டர் சொல்லும்போது கட்டி போயிருக்கலாம். சிகிச்சை விட்டுப்போன பாதிப்புகள் அதோடு போய்விடுவதில்லை.

1. சோர்வு. உழைத்த களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். புற்றுநோய்ச் சோர்வு தூங்கினாலும் போகாது. குளித்துவிட்டு வந்து சேலை கட்டுவதற்குள் உட்கார வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். அதனால் வீட்டில் உள்ளவர்களுக்கு இது சோம்பலாகத் தெரியும், நோயாளிக்கே தன் மீது சந்தேகம் வரும். சிகிச்சை முடிந்து பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள்கூட இது நீடிக்கிறது.

2. தசை இழப்பு. படுக்கையில் கிடந்த நாட்கள், சாப்பிட முடியாமல் போன வாரங்கள், கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து தொடையையும் தோளையும் கரைத்துவிடும். எடை மெஷினில் இது தெரியாமலும் போகலாம், ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடும் ஆண்களுக்கு இது அதிகம்.

3. மரத்துப்போன கால். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பேக்லிடாக்சல் போன்ற மருந்துகள் விரல் நுனி நரம்புகளைப் பாதிக்கின்றன. செருப்பு கழன்றதே தெரியாமல் நாலு அடி நடந்துவிடுவார்கள். சட்டைப் பொத்தான் போட முடியாது. இருட்டில் கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் தடுமாறி விழுவதும் உண்டு.

4. இதயம், எலும்பு, மூட்டு. டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் சிலருக்கு இதயத் தசையைத் தளர்த்துகின்றன. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க ஆண்டுக்கணக்கில் எடுக்கும் சில ஹார்மோன் மாத்திரைகள் மூட்டு வலியையும் எலும்புத் தேய்மானத்தையும் தருகின்றன. வலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

5. பயம். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் வரும் தூக்கமின்மை, உடம்பில் எங்கே வலித்தாலும் "திரும்ப வந்துவிட்டதோ" என்ற நினைப்பு.

வாழ்க்கைத் தரத்தை அளக்க முடியுமா?

முடியும். புற்றுநோய் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ஐரோப்பியக் கேள்வித்தாள் ஒன்றில் 30 கேள்விகள் இருக்கின்றன. கனமான பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவது போன்ற வேலைகள் சிரமமாக இருக்கிறதா? நீண்ட தூரம் நடப்பது சிரமமா? வீட்டுக்கு வெளியே கொஞ்ச தூரம் நடப்பதுகூடச் சிரமமா? பகலில் படுக்கையிலோ நாற்காலியிலோதான் இருக்க வேண்டியிருக்கிறதா? சாப்பிட, உடுத்த, குளிக்க, கழிவறைக்குப் போக உதவி தேவைப்படுகிறதா? இப்படித் தொடங்கி தூக்கம், பசி, பணக் கஷ்டம், கவலை, குடும்ப வாழ்க்கை வரை போகும். பதில்களை 0 முதல் 100 வரையான மதிப்பெண்களாக மாற்றுகிறார்கள்.

"உடற்பயிற்சியால் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது" என்று ஓர் ஆய்வு சொன்னால், பொத்தாம்பொதுவாக மனம் மகிழ்ந்தது என்று அர்த்தமில்லை. கடைக்குப் போய் வர முடிகிறது, தானே குளிக்க முடிகிறது, பகலில் படுக்காமல் இருக்க முடிகிறது என்று நோயாளியே குறித்துக் கொடுத்த பதில்களின் கூட்டுத்தொகை அது.

"எடை தூக்காதே" என்ற அறிவுரை உடைந்த கதை

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளில் உள்ள நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுப்பார்கள். வடிகால் போய்விடுவதால் சிலருக்குக் கை வீங்கும். ஒரு முறை வந்தால் முழுதாகப் போவது கடினம். அதனால் "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட அறிவுரை. நம் பெண்களுக்கு அதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர்க் குடம் கிடையாது, இட்லி மாவுப் பாத்திரம் கிடையாது, பேரக்குழந்தையைத் தூக்குவதும் கிடையாது. தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவருக்குக் கூலியே கிடையாது.

1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதிக்கத் துணிந்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 24 பெண்களை டிராகன் படகில் உட்கார வைத்துத் துடுப்புப் போடப் பழக்கினார். துடுப்புப் போடுவது முழுக்க மேல் உடம்பின் வேலை, அதாவது அன்றைய அறிவுரைக்கு நேர் எதிர். அவர்களில் யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. அப்போது தொடங்கிய படகுக் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன.

24 பேரை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஒப்பிட ஆள் வேண்டும். அதைச் செய்தவர் அமெரிக்காவின் கேத்ரின் ஷ்மிட்ஸ். ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை அவர் இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்தது, இன்னொன்று செய்யவில்லை. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், வீக்கம் கூடியவர்கள் எடை தூக்கிய குழுவில் 11 சதவீதம், மற்றதில் 12 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஆனால் வீக்கம் திடீரென்று மோசமாகும் சம்பவங்கள் எடை தூக்கியவர்களுக்குப் பாதியாகக் குறைந்திருந்தன: 14 சதவீதம், மற்றவர்களுக்கு 29 சதவீதம். 2009-ல் இது வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டு, வீக்கம் வராத, ஆனால் வரும் ஆபத்துள்ள பெண்களிடமும் எடைப் பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை என்று காட்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது செய்த விதம். மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மிக மெதுவாக ஏற்றினார்கள். பயிற்சியின்போது கையில் அழுத்த உறை அணிந்தார்கள். முதல் 13 வாரம் பயிற்சியாளர் உடனிருந்தார். கையை அவ்வப்போது அளந்து பார்த்தார்கள். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே நிறை குடத்தைத் தூக்குவது அந்த ஆய்வைப் பின்பற்றுவது ஆகாது.

சோர்வுக்கு மருந்து ஓய்வு இல்லையா?

இல்லை என்பதுதான் இன்றைய விடை. சும்மா இருந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் சின்ன வேலைக்கும் அதிக மூச்சு வாங்குகிறது. அதனால் இன்னும் படுக்கிறோம். இந்தச் சுழல் எங்காவது ஓர் இடத்தில் அறுபட வேண்டும்.

புற்றுநோய்ச் சோர்வுக்கு எது உதவுகிறது என்று 113 ஆய்வுகளை, மொத்தம் 11,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை 2017-ல் வந்தது. உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் தெளிவான பலன் தந்தன. சோர்வுக்கென்று கொடுக்கும் மருந்துகள் மிகவும் பின்தங்கின. "மருந்தை விட உடற்பயிற்சி மேல்" என்ற வாக்கியம் நியாயமாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், சோர்வு.

மூட்டு வலிக்கும் பலன் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், ஓர் ஆண்டு உடற்பயிற்சி செய்தவர்களின் கடும் வலி சுமார் 29 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு அப்படியேதான் இருந்தது.

சரி, கனடா ஆய்வுக்கு வருவோம்

கனடா புற்றுநோய் ஆய்வுக் குழு முன்னின்று நடத்திய இந்த ஆய்வுக்குச் சேலஞ்ச் என்று பெயர். 2009-ல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும்தான் பெரும்பாலான மையங்கள். மொத்தம் 889 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய், அதாவது பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் பரவியது. எல்லோரும் அறுவையும் கீமோவும் முடித்தவர்கள். ஏற்கெனவே நன்றாக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களைச் சேர்க்கவில்லை.

குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 445 பேருக்கு மூன்று ஆண்டு உடற்பயிற்சித் திட்டம். 444 பேருக்கு உடற்பயிற்சி, உணவு பற்றிய கையேடு. இரு தரப்பையும் சராசரியாகச் சுமார் 8 ஆண்டு கண்காணித்தார்கள்.

கேட்ட உடற்பயிற்சி அளவு என்ன? இதைப் புரிந்துகொள்ள 'மெட்' என்ற அலகு தெரிய வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி 1 மெட். வேகமாக நடந்தால் ஏறத்தாழ 4 மெட். அப்படி ஒரு மணி நேரம் நடந்தால் 4 மெட்-மணி. வழக்கமாகச் செய்வதற்கு மேல் வாரத்துக்கு 10 மெட்-மணி கூட்ட வேண்டும் என்பது இலக்கு. கணக்குப் போட்டால், வாரத்தில் மூன்று நான்கு நாள், தலா முக்கால் மணி நேர வேக நடை. ஜிம் கட்டாயம் இல்லை. நடை, சைக்கிள், நீச்சல், ஓட்டம் எதுவும் சரி.

முடிவுகள்:

1. நோய் திரும்பாமல், வேறு புற்றுநோயும் வராமல், உயிரோடு 5 ஆண்டைக் கடந்தவர்கள்: பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9 சதவீதம்.

2. 8 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள்: 90.3 சதவீதம், 83.2 சதவீதம்.

3. புதிதாக வேறொரு புற்றுநோய் வந்தவர்கள்: 5.2 சதவீதம், 9.7 சதவீதம்.

4. தசை, மூட்டு உபாதைகள்: பயிற்சிக் குழுவில் 18.5 சதவீதம், மற்றதில் 11.5 சதவீதம். உடற்பயிற்சிக்கும் பக்கவிளைவு உண்டு.

5. நடக்கவும் ஏறவும் வேலை செய்யவும் தங்களால் எவ்வளவு முடிகிறது என்று நோயாளிகளே கொடுத்த மதிப்பெண் பயிற்சிக் குழுவில் அதிகம் உயர்ந்தது. முதல் ஆறு மாதத்திலேயே இந்த வித்தியாசம் தெரிந்தது.

செய்திகளில் வந்த "28 சதவீதம் குறைவு" (நோய் திரும்புவது, புதுப் புற்றுநோய், உயிரிழப்பு எல்லாம் சேர்ந்த ஆபத்து), "37 சதவீதம் குறைவு" (உயிரிழப்பு ஆபத்து மட்டும்) என்பவை ஒரு குழுவை இன்னொன்றோடு வைத்துப் பார்த்த ஒப்பீட்டுக் கணக்குகள். நூறு பேரை வைத்துச் சொன்னால், 5 ஆண்டில் நோயின்றி இருப்பவர்கள் 74-லிருந்து 80 ஆகிறார்கள், ஆறு பேர் கூடுதல். 8 ஆண்டில் உயிரோடு இருப்பவர்கள் ஏழு பேர் கூடுதல். இதுதான் ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய எண்.

ஆறு பேர் என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். இதே நோய்க்கு, பழைய கீமோவோடு ஆக்சாலிபிளாட்டினைச் சேர்த்துப் பார்த்த மோசைக் ஆய்வில் 5 ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 67.4 சதவீதத்திலிருந்து 73.3 சதவீதம் ஆனார்கள். அதுவும் ஏறத்தாழ ஆறுதான். அந்த ஆறு பேருக்காக உலகம் முழுக்க அந்த மருந்து வழக்கத்துக்கு வந்தது, கால் மரத்துப்போகும் என்று தெரிந்தும். ஒப்பீடு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் சேலஞ்ச் ஆய்வில் யாரும் கீமோவுக்குப் பதிலாக நடக்கவில்லை. கீமோ தந்த பலனுக்கு மேல் கிடைத்த பலன் இது. மருந்தும் பயிற்சியும் எதிரெதிரே நிறுத்தப்படவே இல்லை.

இரு குழுவுக்கும் நடுவே நின்றது யார்?

செய்திகள் பெரும்பாலும் தவறவிட்ட இடம் இது. என் பார்வையில் இந்த ஆய்வின் மையமே இதுதான்.

கையேட்டுக் குழுவுக்கும் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லப்பட்டது. அவர்களும் முன்பை விடக் கொஞ்சம் கூடுதலாகவே உடம்பை அசைத்தார்கள். பயிற்சிக் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு மனிதர். முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரில் சந்திப்பு, உடன் நின்று பயிற்சி. அடுத்த ஆறு மாதமும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நேரிலோ தொலைபேசியிலோ. பிறகு இரண்டு ஆண்டு மாதம் ஒரு முறை. இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள், ஏன் முடியவில்லை, முட்டி வலித்தால் என்ன மாற்றுவது, மழைக்காலத்தில் எங்கே நடப்பது என்று பேசுவதற்கு ஓர் ஆள்.

நம் மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும்போது "கொஞ்சம் வாக்கிங் போங்க" என்கிறார்களே, அது சேலஞ்ச் ஆய்வின் பயிற்சிக் குழுவுக்குக் கிடைத்தது அல்ல. கையேட்டுக் குழுவுக்குக் கிடைத்ததை விடவும் குறைவு. மருந்துக்கு மில்லிகிராம் எழுதுகிறோம், எத்தனை வேளை என்று எழுதுகிறோம், அடுத்த முறை வரும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்கிறோம். உடற்பயிற்சிக்கு மட்டும் இது எதுவும் இல்லை. பிறகு நோயாளி செய்யவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

ஆய்வு சொல்லாதவை

1. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே பலன் என்று இது சொல்லவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு மட்டுமே இந்த உயிர்காப்புக் கணக்கு. வாழ்க்கைத் தரம், சோர்வு, மன அழுத்தம் ஆகியவற்றில் பலன் என்பது வேறு பல புற்றுநோய்களிலும் உறுதியாகியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ ஏற்கெனவே பரவியவர்கள் இதில் இல்லை.

3. ஓரளவு நடமாட்டம் உள்ளவர்கள், ஆரம்ப உடல்திறன் சோதனையைத் தாண்டியவர்கள்தான் சேர்க்கப்பட்டார்கள்.

4. ஏன் இப்படி நடக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. இன்சுலின் அளவு குறைவது, உடம்பின் உள் அழற்சி தணிவது, எதிர்ப்பு அணுக்கள் சுறுசுறுப்பாவது என்று பல விளக்கங்கள் ஆராயப்படுகின்றன.

5. நடக்காததால்தான் நோய் திரும்பியது என்று எந்த ஒரு நோயாளியைப் பார்த்தும் சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை. பயிற்சிக் குழுவிலும் நோய் திரும்பியவர்கள் உண்டு. இதை உறவினர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு செய்வது, யார் பொறுத்துச் செய்வது

2019-ல் வெளியான சர்வதேச நிபுணர் குழுப் பரிந்துரைப்படி, சோர்வும் மன அழுத்தமும் குறைந்து வாழ்க்கைத் தரம் உயரத் தேவையான அளவு இது: வாரம் மூன்று நாள், தலா 30 நிமிடம் நடை போன்ற பயிற்சி, அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. வேகம் சரியா என்று பார்க்க அது போதும். தசைப் பயிற்சிக்கு நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். தூக்கம் வராதவர்களுக்கு மென்மையான யோகா உதவுகிறது; 410 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதைக் காட்டியது.

இந்த அளவு ஓர் இலக்குதான். கீமோ முடிந்த மாதத்தில் வாசல் வரை பத்து நிமிடம் நடக்க முடிந்தால் அதுதான் அன்றைய அளவு.

பின்வருவோர் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் தொடங்கக் கூடாது:

1. எலும்புக்குப் பரவியவர்கள். குதிப்பது, இடுப்பை முறுக்குவது, பாரம் தூக்குவது எலும்பை முறித்துவிடலாம்.

2. வயிற்றில் மலப்பை வைத்திருப்பவர்கள். பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடல் பிதுங்கலாம்.

3. இதயத்தைப் பாதிக்கும் கீமோ எடுத்தவர்கள், நடந்தால் நெஞ்சு அடைப்பவர்கள், கால் வீங்குபவர்கள்.

4. கால் மரத்திருப்பவர்கள். இவர்கள் முதலில் பின்பட்டி உள்ள செருப்போ ஷூவோ போட்டு, பிடிமானம் உள்ள இடத்தில், வெளிச்சத்தில் நடக்க வேண்டும்.

5. காய்ச்சல், கடும் ரத்தசோகை, பிளேட்லெட் குறைவு உள்ளவர்கள், அது சரியாகும் வரை.

உடன் நிற்கும் ஆளுக்கு எங்கே போவது

ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-லேயே, எல்லா நோயாளிகளின் சிகிச்சையிலும் உடற்பயிற்சி ஒரு பகுதியாக வேண்டும், அதற்கெனப் படித்தவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவித்தது. கனடா ஆய்வாளர்கள் தங்கள் திட்டத்துக்கு ஒருவருக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும் என்கிறார்கள். புதிய புற்றுநோய் மருந்துகளின் விலையோடு வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு. ஆனால் மருந்துக்குக் காப்பீடு வழி இருக்கிறது, இதற்கு இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வரும் அதே ஆள், கீமோ முடித்து எழுந்து நிற்கத் திணறுபவருக்கும் மாதம் ஒரு முறை வர முடியும். புதிதாக ஒரு துறையை உருவாக்கத் தேவையில்லை; புற்றுநோய் மருத்துவமனை தன் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு பரிந்துரை எழுதி அனுப்பும் ஏற்பாடு வேண்டும்.

அது வரும் வரை, அடுத்த செக்-அப்பில் நோயாளியோ உடன் போகிறவரோ கேட்க வேண்டியவை மூன்று. எனக்கு எந்த அசைவு கூடாது? வாரத்துக்கு எவ்வளவு என்று எழுதித் தருவீர்களா? ஆறு நிமிட நடை சோதனை செய்து பார்க்கலாமா? கடைசியாகச் சொன்ன சோதனைக்கு 30 மீட்டர் நீளமுள்ள வராந்தாவும் ஒரு கடிகாரமும் போதும். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று இன்று குறித்து வைத்தால், மூன்று மாதம் கழித்து அதே வராந்தாவில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.